கேபிளுக்கு ஏற்கெனவே ஒரு எண் உண்டு: ஸ்விட்ச் ரவுட்டரில் ஐபிஎக்ஸ், ஆப்பிள்டாக், டெக்நெட்

ஐபி மட்டுமே பழகியவர்கள் நோவெலின் ஐபிஎக்ஸ், ஆப்பிளின் ஆப்பிள்டாக், டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் ஆகிய பழைய நெறிமுறைகளுக்காக ஒரு ஸ்விட்ச் ரவுட்டரை (ஸ்விட்சும் ரவுட்டரும் ஒன்றான பெட்டி) அமைக்க உட்காரும்போது, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஐபியில் முகவரித் திட்டம் நம் கையில் இருக்கிறது. இன்டர்ஃபேஸில் ஒரு முகவரியை எழுதினால் அது அந்தப் பெட்டியின் முகவரி. ஐபிஎக்ஸிலும் ஆப்பிள்டாக்கிலும் நெட்வொர்க் எண் கேபிளுக்கு உரியது. அந்தக் கேபிளில் ஒரு நெட்வேர் சர்வரோ (நோவெலின் சர்வர் இயங்குதளம் ஓடும் கணினி) பழைய ரவுட்டரோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், எண் அங்கே முன்பே முடிவாகிவிட்டது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒத்துப்போவதுதான் புதிதாக வரும் ரவுட்டரின் வேலை. இந்த நெறிமுறைகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, கட்டளை தப்பாகத் தட்டப்பட்டதால் வருவதில்லை. இரண்டு கருவிகள் ஒரே கேபிளைப் பற்றி இரண்டு விதமாக நம்புவதால் வருகிறது.

இன்றைய இயங்குதளங்கள் இவற்றைக் கைவிட்டுவிட்டன. 1998-ல் வந்த நெட்வேர் 5-லேயே நோவெல் நேரடி ஐபியைக் கொண்டுவந்துவிட்டது. விண்டோஸ் விஸ்டாவில் ஐபிஎக்ஸ் இல்லை. 2009-ல் வந்த மேக் ஓஎஸ் 10.6-ல் ஆப்பிள்டாக் இல்லை. லினக்ஸ் கர்னலில் இருந்து 2018-ல் ஐபிஎக்ஸும் 2022-ல் டெக்நெட்டும் வெளியேறின. ஆனாலும் ஓர் எந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினியோ, டிஜிட்டலின் பழைய வாக்ஸ் கணினியில் ஓடும் அளவீட்டு மென்பொருளோ மாற்றவே முடியாததாக நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே நடுவில் நிற்கும் ஸ்விட்ச் ரவுட்டர்தான் அந்தப் பேச்சை எடுத்துச் செல்ல வேண்டும். கீழே வரும் கட்டளைகள் சிஸ்கோ கருவிகளின் இயங்குதளமான ஐஓஎஸ் மென்பொருளுக்கு உரியவை. மற்ற கருவிகளில் சொற்கள் மாறும், தர்க்கம் மாறாது.

பெட்டி எதைத் தாங்கும்

முதலில் ஐஓஎஸ் இமேஜை, அதாவது பெட்டியில் ஏற்றியிருக்கும் மென்பொருள் கோப்பை, பாருங்கள். ஐபி மட்டும் உள்ள இமேஜில் ‘ஐபிஎக்ஸ் ரவுட்டிங்’ என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். ஐஓஎஸ்ஸின் பழைய தொகுப்புகளில் டெஸ்க்டாப், என்டர்பிரைஸ் என்ற பெயருள்ளவற்றில்தான் ஐபிஎக்ஸ், ஆப்பிள்டாக், டெக்நெட் மூன்றும் சேர்ந்திருக்கும். புதிய பதிப்புக்கு மேம்படுத்தினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் இங்கே நேர்மாறாக வேலை செய்யும். புதிய பதிப்புகளில்தான் இந்த நெறிமுறைகள் நீக்கப்பட்டிருக்கின்றன. அதனால் வேலை செய்துகொண்டிருக்கும் பழைய இமேஜின் நகல் ஒன்றை வெளியே பத்திரமாக வைத்திருப்பது கட்டாயம்.

அடுத்தது, எந்த நெறிமுறையை சிப் கடத்துகிறது, எதை சிபியு கடத்துகிறது என்பது. ஒரு ரவுட்டரும் ஸ்விட்ச் ரவுட்டரும் வேறுபடும் இடம் இதுதான். கேட்டலிஸ்ட் 8500 போன்ற பெட்டிகள் ஐபியையும் ஐபிஎக்ஸையும் வன்பொருளிலேயே முழு வேகத்தில் கடத்துவதற்காகச் செய்யப்பட்டவை. பின்னால் வந்த பல பெட்டிகளின் சிப்புகளுக்கு ஐபி மட்டுமே தெரியும். அவற்றில் ஐபிஎக்ஸும் ஆப்பிள்டாக்கும் டெக்நெட்டும் சிபியு வழியாகத்தான் போகும். கட்டளைகள் எல்லாம் ஏற்கப்படும், அட்டவணைகள் நிரம்பும், பிங்கும் போகும். ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் சிபியு 90 சதவீதத்தைத் தொடும், ஸ்பானிங் ட்ரீயும் (ஸ்விட்ச்களுக்கு இடையே சுற்று உருவாகாமல் தடுக்கும் நெறிமுறை) ஐபி ரவுட்டிங்கும் சேர்ந்து தடுமாறும். ‘ஷோ பிராசஸஸ் சிபியு’ கட்டளையைச் சுமை உள்ள நேரத்தில் ஓட்டிப் பார்க்காமல் இணைப்பு முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட வேண்டாம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

நெட்வேர் சர்வர் இருந்தால் அதன் கன்சோலில் ‘கன்ஃபிக்’ என்று தட்டுங்கள். ஒவ்வொரு லேன் அட்டைக்கும் ஃபிரேம் வகை (பாக்கெட்டைப் பொதியும் வடிவம்), நெட்வொர்க் எண், நோட் (கணினி) முகவரி ஆகியவை வரிசையாக வரும். கூடவே சர்வரின் உள் நெட்வொர்க் எண்ணும் வரும். இந்த உள் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. நெட்வேர் 3-லிருந்து ஒவ்வொரு சர்வருக்குள்ளும் கற்பனையான ஒரு நெட்வொர்க் இருக்கிறது. சேவைகள் அனைத்தும் அந்த எண்ணில், 0000.0000.0001 என்ற நோட்டில் இருப்பதாகத்தான் உலகுக்கு அறிவிக்கப்படும். அது வேறு எந்தக் கேபிளின் எண்ணோடும், வேறு எந்த சர்வரின் உள் எண்ணோடும் மோதக்கூடாது.

ஐபிஎக்ஸ் முகவரி 80 பிட். அதில் 32 பிட் நெட்வொர்க், 48 பிட் நோட். நோட் என்பது லேன் அட்டையின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியேதான், அதனால் ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி போன்ற தேடல் தேவையில்லை. நெட்வொர்க் எண் எட்டு பதினறும (ஹெக்ஸ்) இலக்கங்கள். முன்னால் வரும் பூச்சியங்களை விட்டுவிட்டு 1010 என்று எழுதினாலும் அது 00001010-தான். சர்வர் பக்கம் ஒருவர் 10100000 என்று குறித்துவைத்து, ரவுட்டர் பக்கம் இன்னொருவர் 1010 என்று எழுதினால் அவை இரண்டு வேறு நெட்வொர்க்குகள். கையால் எழுதிய பழைய குறிப்புத் தாள்களில் இந்தக் குழப்பம் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம், ஆகவே தாளை நம்பாமல் கன்சோலை நம்புங்கள்.

ஒரே கேபிளில் எண் ஒத்துப்போகாவிட்டால் நெட்வேர் சர்வர் அதைத் தெளிவாகவே சொல்லும். ரவுட்டர் அமைப்பில் பிழை என்ற எச்சரிக்கையோடு, இன்ன நோட்டில் உள்ள ரவுட்டர் இந்த நெட்வொர்க்குக்கு வேறு எண்ணைச் சொல்கிறது என்று கன்சோலில் திரும்பத் திரும்ப எழுதும். அந்தச் செய்தியிலேயே தவறு செய்யும் கருவியின் மேக் முகவரி இருக்கிறது. ஸ்விட்சின் மேக் அட்டவணையில் அதைத் தேடினால் போர்ட் கிடைத்துவிடும்.

எந்த நெறிமுறை முதலில்

மூன்று நெறிமுறைகளும் ஒரே பெட்டியில் தேவைப்பட்டால் டெக்நெட்டை முதலில் இயக்குங்கள். டெக்நெட் நான்காம் கட்டத்தில் இன்டர்ஃபேஸின் மேக் முகவரி டெக்நெட் முகவரியிலிருந்தே பிறக்கிறது. ஏரியா எண்ணை 1024-ஆல் பெருக்கி நோட் எண்ணைக் கூட்டி, வரும் 16 பிட் எண்ணின் இரண்டு பைட்டுகளை இடம் மாற்றி, ஏஏ-00-04-00 என்பதன் பின்னால் ஒட்டுகிறார்கள். 10.20 என்ற முகவரிக்கு 10 பெருக்கல் 1024, கூட்டல் 20, ஆக 10260. பதினறும எண்ணில் அது 2814. இடம் மாற்றினால் 14-28. ஆகவே மேக் முகவரி ஏஏ-00-04-00-14-28.

டெக்நெட் இயங்கும் ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் இந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். ஐபிஎக்ஸின் நோட் எண்ணோ மேக் முகவரியிலிருந்து வருகிறது. ஐபிஎக்ஸை முதலில் இயக்கிவிட்டு டெக்நெட்டைப் பிறகு சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஐபிஎக்ஸின் காலடியில் நோட் எண் மாறும், ரவுட்டிங் கலைந்துபோகும். அதனால் முதலில் ‘டெக்நெட் ரவுட்டிங் 10.20’, பிறகு இன்டர்ஃபேஸில் ‘டெக்நெட் காஸ்ட் 10’, அதற்கும் பிறகு நோட் எண் எதுவும் கொடுக்காமல் வெறும் ‘ஐபிஎக்ஸ் ரவுட்டிங்’. எண் கொடுக்காவிட்டால் ஐஓஎஸ் முதல் ஈதர்நெட், டோக்கன் ரிங் அல்லது எஃப்டிடிஐ இன்டர்ஃபேஸின் மேக் முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும். அப்படி எந்த இன்டர்ஃபேஸும் இல்லாமல் சீரியல் மட்டுமே இருந்தால்தான் நாமே நோட் எண் தர வேண்டும்.

இந்த வேலையைத் தொலைவிலிருந்து டெல்நெட் வழியாகச் செய்ய வேண்டாம். மேக் மாறும் அந்த நொடியில், பக்கத்துக் கருவிகளின் ஏஆர்பி அட்டவணையில் பழைய மேக் தங்கியிருக்கக்கூடும். ஐஓஎஸ்ஸில் ஏஆர்பி பதிவின் ஆயுள் இயல்பாக 4 மணி நேரம். பதிவு புதுப்பிக்கப்படாவிட்டால் நம் இணைப்பு அறுந்துவிடும். கன்சோல் கேபிளைச் செருகிக்கொண்டு ஆரம்பிப்பதே முறை.

இன்டர்ஃபேஸ் எது

ஸ்விட்ச் ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் என்ற சொல்லுக்கு நான்கு உருவங்கள் உண்டு: நேரடியாக ரவுட் செய்யும் போர்ட், டிரங்கின் (பல வி-லேன்களைச் சுமக்கும் இணைப்பு) மேல் வெட்டிய சப்-இன்டர்ஃபேஸ், வி-லேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி லேன்) இன்டர்ஃபேஸ், பிரிட்ஜ் குழுவுக்கான (ஒரே லேனாகச் சேர்த்த போர்ட்டுகள்) கற்பனை இன்டர்ஃபேஸான பிவிஐ. நெட்வொர்க் எண் எந்த உருவத்தின் மேல் உட்கார வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான். பிராட்காஸ்ட் எங்கெல்லாம் போய்ச் சேருமோ அந்த முழுப் பரப்பும் ஒரு கேபிள், அதற்கு ஓர் எண்.

சப்-இன்டர்ஃபேஸ் என்றால் முதலில் ‘என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 20’ என்று வி-லேனைச் சொல்லிவிட்டு அதன் பிறகே ஐபிஎக்ஸ் எண்ணை எழுதுங்கள். இங்கே வரும் என்கேப்சுலேஷன் வி-லேன் குறிச்சொல்லுக்கானது. ஐபிஎக்ஸ் வரியில் வருவது அதற்குள் இருக்கும் ஃபிரேம் வகைக்கானது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

வி-லேன் இன்டர்ஃபேஸில் வேறொரு பொறி இருக்கிறது. அந்த வி-லேனில் உயிரோடு ஒரு போர்ட்டாவது இருந்தால்தான் இன்டர்ஃபேஸ் எழும். பழைய சர்வர் ஒன்றே ஒன்று இருக்கும் வி-லேனில், அந்த சர்வரை நிறுத்தினால் நெட்வொர்க் எண்ணே அட்டவணையிலிருந்து போய்விடும். கோளாறு தேடும்போது ரவுட்டிங் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தூண்டும், ஆனால் கெட்டது ஒன்றுமில்லை.

பிரிட்ஜ் குழுவாக இருந்தால் ‘பிரிட்ஜ் ஐஆர்பி’, பிறகு ‘பிரிட்ஜ் 1 புரோட்டோகால் ஐஈஈஈ’, ‘பிரிட்ஜ் 1 ரவுட் ஐபிஎக்ஸ்’. எண்ணை ‘இன்டர்ஃபேஸ் பிவிஐ 1’ மேல் மட்டும் எழுதுங்கள், உறுப்பு போர்ட்டுகளில் எழுத வேண்டாம். இந்த முறை ஐபி, ஐபிஎக்ஸ், ஆப்பிள்டாக் மூன்றுக்குத்தான். டெக்நெட்டை பிவிஐ வழியாக ரவுட் செய்ய முடியாது.

ஃபிரேம் வகை

ஐபிஎக்ஸில் நேரத்தைத் தின்பது இதுதான். ஒரே ஈதர்நெட்டில் ஐபிஎக்ஸ் நான்கு விதமாகப் பொதியப்படலாம், நோவெல் வைத்த பெயரும் சிஸ்கோ வைத்த பெயரும் வேறுவேறு. நோவெலின் ஈதர்நெட் 802.3 என்பது சிஸ்கோவில் ‘நோவெல்-ஈதர்’. ஈதர்நெட் 802.2 என்பது ‘சாப்’. ஈதர்நெட் ஸ்நாப் அதே பெயரில் ‘ஸ்நாப்’. ஈதர்நெட் 2 என்பது ‘ஆர்பா’, இதில் ஈதர்டைப் 8137. ஐஓஎஸ் ஒன்றும் சொல்லாவிட்டால் ‘நோவெல்-ஈதர்’ எடுத்துக்கொள்ளும். நெட்வேர் 3.11 வரை சர்வர்களின் இயல்பும் அதுதான். 3.12-லிருந்து இயல்பு 802.2 ஆகிவிட்டது. ஆக, 3.12 அல்லது 4 பதிப்பு சர்வர் இருக்கும் கேபிளில் ‘ஐபிஎக்ஸ் நெட்வொர்க் 1010’ என்று மட்டும் எழுதினால், எண் சரியாக இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. பிழைச் செய்தியும் வராது. இரண்டு பக்கமும் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அமைதியாக ஓடும். எழுத வேண்டியது ‘ஐபிஎக்ஸ் நெட்வொர்க் 1010 என்கேப்சுலேஷன் சாப்’.

இந்த ‘சாப்’ ஃபிரேம் வகையின் பெயர். சேவைகளை அறிவிக்கும் எஸ்ஏபி நெறிமுறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பழைய 802.3 ஃபிரேமின் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் சில விநோதங்கள் விளங்கும். நீளத்துக்குப் பிறகு எல்எல்சி தலைப்பு எதுவும் இல்லாமல் நேராக ஐபிஎக்ஸின் 30 பைட் தலைப்பு தொடங்குகிறது. அதன் முதல் இரண்டு பைட்டுகள் செக்சம் (பிழை சரிபார்க்கும் எண்), அது பயன்படுத்தப்படாமல் நான்கு எஃப் எழுத்துகளாகவே நிற்கும். அந்த நான்கு எஃப்-ஐ வைத்துத்தான் மற்ற கருவிகள் இது நோவெலின் ‘ரா’ ஃபிரேம் என்று அடையாளம் காண்கின்றன. செக்சத்தை இயக்கினால் அடையாளம் போய்விடும். எனவே இந்த ஃபிரேம் வகையில் ஐபிஎக்ஸ் செக்சம் பயன்படுத்த முடியாது.

ஒரே கேபிளில் இரண்டு ஃபிரேம் வகைகள் தேவைப்பட்டால் இரண்டு நெட்வொர்க் எண்கள் வேண்டும். முதல் வரியை எழுதிய பிறகு ‘ஐபிஎக்ஸ் நெட்வொர்க் 2020 என்கேப்சுலேஷன் ஆர்பா செகண்டரி’ என்று இரண்டாவது வரி. ஓர் இன்டர்ஃபேஸில் ஒரு ஃபிரேம் வகைக்கு ஓர் எண் மட்டுமே. முடிந்தவரை இதைத் தவிர்க்கச் சொல்வேன். இரண்டு தர்க்க நெட்வொர்க்குகள் ஒரே கம்பியில் ஓடும்போது ஒவ்வொரு அறிவிப்பும் இரண்டு முறை போகிறது. ஒரு வகைக் கணினி மற்ற வகைக் கணினியோடு பேச ரவுட்டர் வரை போய் அதே கம்பியில் திரும்பி வருகிறது. எல்லா நிலையங்களையும் ஒரே வகைக்கு மாற்றும் ஒரு நாள் வேலை அதைவிட மேல்.

வழி தேர்வு: டிக், ஹாப்

ஐபிஎக்ஸில் வழிகளை அறிவிக்கும் நெறிமுறையான ஆர்ஐபி முதலில் டிக்கைப் பார்க்கும், டிக் சமமானால் ஹாப்பை (கடக்கும் ரவுட்டர்களின் எண்ணிக்கை). ஒரு டிக் நொடியில் பதினெட்டில் ஒரு பங்கு, சுமார் 55 மில்லிநொடி. லேன் இன்டர்ஃபேஸுக்கு 1 டிக், சீரியல் போன்ற வேன் இன்டர்ஃபேஸுக்கு 6 டிக் என்பது ஐஓஎஸ் இயல்பு. மெதுவான ரேடியோ இணைப்போ வேறு மாற்றியோ ஈதர்நெட் போர்ட் வழியாக வந்து சேர்ந்தால், ரவுட்டருக்கு அது லேன்தான். 1 டிக் போட்டு அதையே சிறந்த வழி என்று எடுத்துக்கொள்ளும். அந்த இன்டர்ஃபேஸில் ‘ஐபிஎக்ஸ் டிலே 12’ போன்று உண்மைக்கு நெருக்கமான எண்ணை எழுத வேண்டும், மறுமுனையிலும் அதே எண்.

‘ஐபிஎக்ஸ் மேக்ஸிமம்-பாத்ஸ்’ இயல்பாக 1. சமமான இரண்டு வழிகள் இருந்து 2 என்று மாற்றினால் பாக்கெட்டுகள் மாறி மாறிப் போகும். பழைய கிளையன்ட்களில் சில, வரிசை மாறி வரும் பாக்கெட்டைச் சகிப்பதில்லை. ‘ஐபிஎக்ஸ் பெர்-ஹோஸ்ட்-லோட்-ஷேர்’ சேர்த்தால் ஒரு கணினிக்கான போக்குவரத்து ஒரே வழியில் நிற்கும்.

எஸ்ஏபி என்னும் சுமை

ஒவ்வொரு சேவையும் 60 நொடிக்கு ஒரு முறை பிராட்காஸ்ட் ஆகிறது. ஒரு எஸ்ஏபி பாக்கெட்டில் 7 சேவைகள் மட்டுமே, சேவைக்கு 64 பைட். தலைப்போடு சேர்த்து 480 பைட். 500 சேவைகள் உள்ள நெட்வொர்க்கில் நிமிடத்துக்கு 72 பாக்கெட், சுமார் 34,500 பைட். 64 கிலோபிட் இணைப்பில் இது ஒவ்வொரு நிமிடத்திலும் நாலரை நொடிக்குச் சற்றுக் குறைவு, அதாவது திறனில் 7 சதவீதம். ஆர்ஐபி இதனோடு ஒப்பிட ஒன்றுமில்லை. ஒரு பாக்கெட்டில் 50 வழிகள், ஆக 500 வழிகளுக்கு 10 பாக்கெட்.

ஆகவே வடிகட்டி தேவை. 1000 முதல் 1099 வரை எண்ணுள்ள அக்சஸ் லிஸ்ட்கள் எஸ்ஏபிக்கானவை. ‘அக்சஸ்-லிஸ்ட் 1010 பெர்மிட் -1 4’ என்றால் எந்த நெட்வொர்க்கிலிருந்தும் கோப்பு சர்வர்களை மட்டும் விடு என்று பொருள். 4 கோப்பு சர்வர், 7 அச்சு சர்வர். நெட்வேர் 4 இருந்தால் டைரக்டரி மரத்தை அறிவிக்கும் 278-ஐ மறந்துவிடக்கூடாது. அதை அடைத்துவிட்டால் சர்வர் பட்டியலில் தெரியும், மரம் தெரியாது, உள்நுழைய முடியாது. வடிகட்டியை ‘ஐபிஎக்ஸ் இன்புட்-சாப்-ஃபில்டர்’ என்று (இங்கே சாப் என்பது எஸ்ஏபிதான், ஃபிரேம் வகை அல்ல) உள்ளே வரும் இடத்தில் வைத்தால் ரவுட்டரின் அட்டவணைக்கே அது எட்டாது. ‘ஐபிஎக்ஸ் அவுட்புட்-சாப்-ஃபில்டர்’ என்று வெளியே போகும் இடத்தில் வைத்தால் அட்டவணையில் இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் போகாது. மெதுவான இணைப்பைக் காக்க இரண்டாவது போதும்.

சேவை ஒன்று காணவில்லை என்றால் தேடும் வரிசை முக்கியம். முதலில் ‘ஷோ ஐபிஎக்ஸ் ரவுட்’. அங்கே அந்த சர்வரின் உள் நெட்வொர்க் எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணுக்கு வழி இல்லாவிட்டால் ரவுட்டர் சேவையைப் பட்டியலில் வைத்துக்கொள்ளாது. ஆகவே எஸ்ஏபி வடிகட்டியை எவ்வளவு ஆராய்ந்தாலும் விடை கிடைக்காது. வழி இருந்து சேவை மட்டும் இல்லாதபோதுதான் ‘ஷோ ஐபிஎக்ஸ் சர்வர்ஸ்’ பக்கம் போக வேண்டும்.

ரவுட்டர்களுக்கு இடையே சிஸ்கோவின் ரவுட்டிங் நெறிமுறையான ஈஐஜிஆர்பி வைத்தால் மாற்றங்கள் மட்டும் போகும், நிமிடத்துக்கொரு பிராட்காஸ்ட் நின்றுவிடும். ஆனால் நெட்வேர் சர்வருக்கு ஈஐஜிஆர்பி தெரியாது. சர்வர் உட்கார்ந்திருக்கும் லேனில் ‘ஐபிஎக்ஸ் சாப்-இன்கிரிமென்டல்’ போட்டால், புதுப்பிப்பு வராமல் சர்வரின் அட்டவணையில் சேவைகள் சில நிமிடங்களில் காலாவதியாகும். ரவுட்டர்கள் மட்டுமே இருக்கும் இணைப்பில்தான் அதைப் போடலாம்.

போர்ட் எழும் 30 நொடி

ரவுட்டிங் அட்டவணை, சேவைப் பட்டியல் எல்லாம் கச்சிதம். ஆனாலும் கணினியை இயக்கியதும் கோப்பு சர்வர் கிடைக்கவில்லை என்கிறது. சற்றுப் பொறுத்து மறுபடி கையால் கிளையன்ட்டை ஏற்றினால் கிடைக்கிறது. இது ஸ்விட்சின் வேலை. போர்ட் எழுந்ததும் ஸ்பானிங் ட்ரீ 15 நொடி கேட்கிறது, 15 நொடி கற்கிறது, அதுவரை எதையும் கடத்தாது. டாஸ் கிளையன்ட் அட்டையை எழுப்பியவுடன் அருகிலுள்ள சர்வர் எது என்று ஜிஎன்எஸ் கேள்வியை பிராட்காஸ்ட் செய்கிறது, அதுவும் சில நொடிகள்தான் காத்திருக்கும். கணினிகள் மாட்டிய போர்ட்டுகளில் ‘ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்’, ‘ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்’ இரண்டையும் எழுதிவிடுங்கள். மற்றொரு ஸ்விட்ச் மாட்டிய போர்ட்டில் எழுதவே கூடாது.

ஆப்பிள்டாக்கில் இதே தாமதம் இன்னும் விஷமமானது. ஆப்பிளின் மேக் கணினி ஒரு நோட் எண்ணைத் தேர்ந்து, வேறு யாரும் அதை வைத்திருக்கிறார்களா என்று சுமார் 2 நொடிக்குள் பத்து முறை கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் தனதாக்கிக்கொள்ளும். போர்ட் அடைபட்டிருக்கும்போது கேள்விகள் வெளியே போவதே இல்லை. விளைவு, ஒரே நோட் எண்ணுடன் இரண்டு கணினிகள்.

அந்தக் கேபிளில் சர்வர் எதுவும் இல்லாவிட்டால் ஜிஎன்எஸ் கேள்விக்கு ரவுட்டரே பதில் சொல்லும். சர்வர் இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். மிக மெதுவான கணினிகள் உடனடிப் பதிலைத் தவறவிடுவதுண்டு. அவற்றுக்கு ‘ஐபிஎக்ஸ் ஜிஎன்எஸ்-ரெஸ்பான்ஸ்-டிலே’ கட்டளையில் சில நூறு மில்லிநொடி கொடுத்துப் பார்க்கலாம்.

பழைய அட்டைகள் பெரும்பாலும் 10 மெகாபிட், ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பேசும்). ஸ்விட்ச் பக்கம் ஃபுல் என்று ஆணியடித்து வைத்திருந்தால் இணைப்பு எழும், சிறு பாக்கெட்டுகள் போகும், சுமை ஏறியதும் தாமத மோதல்கள் குவியும். போர்ட் 10 மெகாபிட்டை ஆதரிக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள், கிகாபிட் போர்ட்டுகள் எல்லாம் அதைச் செய்வதில்லை.

ஆப்பிள்டாக்

‘ஆப்பிள்டாக் ரவுட்டிங்’, பிறகு இன்டர்ஃபேஸில் ‘ஆப்பிள்டாக் கேபிள்-ரேஞ்ச் 100-101’, அதன் கீழ் ‘ஆப்பிள்டாக் ஸோன்’ என்று ஸோன் (கருவிகளைப் பெயரிட்டுக் குழுவாக்கும் பகுதி) பெயர். வரம்பிலுள்ள ஒவ்வொரு எண்ணும் 253 நோட்டுகளைத் தாங்கும். 100-101 என்றால் 506. வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. 65280-லிருந்து தொடங்கும் எண்கள் கணினி எழும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்பவை, அவற்றை வரம்பாகக் கொடுக்காதீர்கள்.

கேபிளில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருந்தால் கேபிள் வரம்பும், ஸோன் பட்டியலும், அதில் முதலாவதாக எழுதிய இயல்பு ஸோனும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் புதிய இன்டர்ஃபேஸ் பொருத்தமின்மை என்று அறிவித்துவிட்டு இயங்க மறுக்கும். எளிய வழி, முதலில் வரம்பை ‘0-0’ என்று கொடுத்து பக்கத்து ரவுட்டரிடமிருந்தே கேட்டு வாங்க விடுவது. ‘ஷோ ஆப்பிள்டாக் இன்டர்ஃபேஸ்’ வரம்பையும் ஸோன்களையும் காட்டியதும் அவற்றைக் கையால் நிலையாக எழுதிவிடலாம். இல்லாவிட்டால் எண்ணைத் தரும் அந்த விதை ரவுட்டர் அணைந்திருக்கும் நாளில் நம் பெட்டி மறுதொடக்கம் ஆனால் எண் கிடைக்காமல் நிற்கும்.

ஸோன் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. ஆனால் கடைசியில் தவறி விழுந்த ஓர் இடைவெளி பெயரின் பகுதியாகிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ஸோன்கள் பட்டியலில் தோன்றினால் காரணம் பெரும்பாலும் அதுதான். முன்னால் இடைவெளி தேவைப்படும் பெயரில் அதை ‘:20’ என்று எழுத வேண்டும்.

ஈஐஜிஆர்பி இங்கே தலைகீழ். ஐபியிலும் ஐபிஎக்ஸிலும் எல்லா ரவுட்டர்களுக்கும் ஒரே எண் கொடுத்தால்தான் பேசும். ‘ஆப்பிள்டாக் ரவுட்டிங் ஈஐஜிஆர்பி’ கட்டளையில் ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டும். ஒரே எண்ணை நகலெடுத்து ஒட்டினால் வழிகள் பரவாது.

டெக்நெட்டில் இரண்டு எச்சரிக்கைகள்

‘டெக்நெட் காஸ்ட்’ எழுதாத இன்டர்ஃபேஸில் டெக்நெட் இயங்காது, மேலே ‘டெக்நெட் ரவுட்டிங்’ இருந்தாலும். ஏரியா 1 முதல் 63, நோட் 1 முதல் 1023. வேறு ஏரியாக்களோடு பேச வேண்டுமானால் ‘டெக்நெட் நோட்-டைப் ஏரியா’.

முதல் எச்சரிக்கை: போர்ட் பாதுகாப்பு இயக்கியிருக்கும் ஸ்விட்சில், டெக்நெட் கணினி எழும்போது அட்டையின் சொந்த மேக்குடன் தொடங்கி, பிறகு ஏஏ-00-04-00 முகவரிக்கு மாறும். ஒரே மேக் என்று வரம்பிட்டிருந்தால் இரண்டாவதைக் கண்டதும் போர்ட் மூடிக்கொள்ளும். வரம்பை 2 ஆக்குங்கள். இரண்டாவது எச்சரிக்கை: நம் ரவுட்டரின் எல்லா டெக்நெட் இன்டர்ஃபேஸ்களும் ஒரே மேக்கை வைத்திருக்கும். வி-லேன் வாரியாகத் தனி மேக் அட்டவணை வைக்காத பழைய ஸ்விட்ச் ஒன்றில் அவற்றுள் இரண்டு போய்ச் சேர்ந்தால், அந்த மேக் இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே ஓயாமல் தாவும்.

சோதிக்கும்போதும் மாற்றும்போதும்

‘ஷோ ஐபிஎக்ஸ் இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ ஒரே பார்வையில் எண், ஃபிரேம் வகை, நிலை மூன்றையும் தருகிறது. அதை சர்வரின் ‘கன்ஃபிக்’ திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ‘பிங் ஐபிஎக்ஸ்’ தோற்றுப்போனால் பதற வேண்டாம். ஐஓஎஸ் இயல்பாக சிஸ்கோ வடிவ பிங்கை அனுப்புகிறது, நெட்வேர் அதற்குப் பதில் சொல்லாது. ‘ஐபிஎக்ஸ் பிங்-டிஃபால்ட் நோவெல்’ என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் வாய் திறக்காத பழைய சர்வர்கள் உண்டு. அவற்றுக்கு சர்வர் பட்டியலும், ஒரு கணினியிலிருந்து உண்மையான உள்நுழைவும்தான் சோதனை.

எதையும் அழிக்கும் முன் ஓடும் அமைப்பை வெளியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நோ ஐபிஎக்ஸ் ரவுட்டிங்’ என்ற ஒற்றை வரி இன்டர்ஃபேஸ்களில் எழுதிய ஐபிஎக்ஸ் வரிகளையும் சேர்த்து எடுத்துச் செல்லக்கூடும். ஐபிஎக்ஸ் எண்ணை மாற்றினால் பழைய வழி மற்ற ரவுட்டர்களின் அட்டவணையில் மூன்று புதுப்பிப்புக் காலம், அதாவது 180 நொடி வரை தங்கலாம். அதற்குள் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று மறுபடி மாற்றத் தொடங்க வேண்டாம். ஆப்பிள்டாக் ஸோன் பெயரை மாற்ற இன்னும் நிதானம் தேவை. அந்தக் கேபிளில் உள்ள எல்லா ரவுட்டர்களிலும் ஆப்பிள்டாக்கை நிறுத்தி, மற்ற ரவுட்டர்கள் பழைய வரம்பையும் பழைய பெயரையும் மறக்க 10 நிமிடம் விட்டு, அதன் பிறகே புதிய பெயரோடு ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால் பழைய ஸோன் பெயர் பட்டியலில் நின்றுகொண்டே இருக்கும், அதற்குள் எந்தக் கருவியும் இருக்காது.